குண்டுவெடிப்பில் உறவுகளை இழந்த பிள்ளைகளுக்கு ஓவிய அமர்வு: எதில் தொடங்குவது?

கேள்வி (கல்லடிக்கரை):
மட்டக்களப்பில், 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பால் பாதிக்கப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் 12 பேர். வயது 8 முதல் 11. கிழமைக்கு ஒரு அமர்வு. "அன்றைக்கு நடந்ததை வரை" என்று சொல்லலாமா? தாள் முழுக்கக் கறுப்பே பூசும் பிள்ளையை என்ன செய்வது?

தூரிகை:
சொல்லவே கூடாது. தலைப்புக் கொடுத்து நினைவைக் கிளறினால் பிள்ளை திரும்ப அங்கேயே போய் நிற்கும். ஒரு மணித்தியாலத்துக்குள் ஆற்றி வீட்டுக்கு அனுப்ப முடியாது. "குடும்பத்தை வரை" என்பதும் முதல் மாதம் வேண்டாம். தகப்பனை இழந்த பிள்ளைக்கு அதுவும் அதே கேள்விதான்.

தண்ணி வர்ணத்தில் தொடங்காதீர்கள். அது கைக்கு அடங்காமல் பரவும். சிவப்பு வழிந்தால் சில பிள்ளைகள் உறைந்துவிடுவார்கள். முதல் 3 கிழமை பாஸ்டல் வர்ணக்குச்சியும் ஏ4 தாளும். பெரிய வெறுந்தாள் மிரட்டும். பிறகு களிமண், ஆளுக்கு அரைக் கிலோ. அதை ஈரச் சாக்கில் சுற்றி வையுங்கள். அவசரமாகக் காய்ந்தால் வெடிக்கும், உடைந்ததைப் பிள்ளை தன் பிழையாக எடுத்துக்கொள்ளும். தண்ணி வர்ணம் கடைசியில். கறுப்புப் பாஸ்டல் மட்டும் 10 தனியாக வாங்குங்கள், அதுதான் முதலில் தீரும்.

60 நிமிடத்தில் 10 விளையாட்டுக்கு, 35 வேலைக்கு, 15 முடிப்புக்கு. எல்லாரும் பிழைவிடுவது முடிப்பைச் சுருக்கித்தான். கை கழுவி, படத்தைத் தானே உறையில் போட்டு, தண்ணி குடித்துவிட்டுப் போகட்டும். ஞாயிறு காலையில் வைக்காதீர்கள்.

மண்வாசல்:
கறுப்பென்றால் துக்கம் என்று அகராதி வைத்துப் படிக்க வேண்டாம். "ஏன் கறுப்பு?" என்று கேட்காமல், "இதைப் பற்றிக் கதைக்க விருப்பமா?" என்பதோடு நிறுத்துங்கள். பார்க்க வேண்டியது மாற்றத்தை. ஒரே படம் திரும்பத் திரும்ப வந்தாலும் நாலாம் கிழமை அதில் ஒரு கதவோ ஆளோ புதிதாக நுழைந்தால் நல்ல அறிகுறி. எதுவும் அசையாமல், வரையும்போது மூச்சு இறுகி, நித்திரையும் குழம்பினால் வைத்தியசாலை உளநலப் பிரிவுக்கு அனுப்பத் தாமதிக்காதீர்கள்.

இதற்கு முன்மாதிரியும் உண்டு. நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த தெரெசின் முகாமில் 1942 முதல் 1944 வரை ஓவியர் பிரீடல் டிக்கர்-பிராண்டைஸ் பிள்ளைகளுக்குப் பயிற்றியது கோடு, தாளம், வடிவம். ஏறக்குறைய 4,500 ஓவியங்கள் மிஞ்சியிருக்கின்றன. படத்தில் சொந்தப் பெயரை எழுதவும் வைத்தார்.

கல்லடிக்கரை:
தமிழ், முஸ்லிம் பிள்ளைகளைச் சேர்க்கலாமா? நிதி தருபவர்கள் கண்காட்சியும் கேட்கிறார்கள்.

தூரிகை:
சேர்க்கலாம். 1996இல் மட்டக்களப்பில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா என்ற சிறுவர் அமைப்பு, போர் நடந்துகொண்டிருந்தபோதே இரு பக்கப் பிள்ளைகளையும் ஒரே வளவுக்குள் விளையாடவும் வரையவும் வைத்தது. ஆனால் 2019க்குப் பிறகு தாய்மாரிடம் தனித்தனியே முதலில் கதைத்து, இரு சமூகத்திலிருந்தும் ஒவ்வொரு ஆசிரியரை அறைக்குள் வைத்திருங்கள்.

கண்காட்சிக்கு நான் சம்மதிக்க மாட்டேன். பார்க்க ஆட்கள் வருவார்களென்று தெரிந்த நாளிலிருந்து பிள்ளை அவர்களுக்காக வரையத் தொடங்கும். நிதி தருபவர்களுக்கு அமர்வு எண்ணிக்கை, பிள்ளைகளின் வரவு, பொருட்செலவு போதும். படங்கள் பூட்டிய அலுமாரியில் இருக்கட்டும். பிள்ளை கேட்டால் அன்றைக்கே கையில் கொடுத்துவிடுங்கள்.