பிரெஞ்சு எண்களோடு மறக்க முடியாத அனுபவம்: உங்களுடையதையும் எழுதுங்கள்

ஒபெர்வில்லியே அக்கா

பிரெஞ்சில் எழுபது என்றால் சுவாசோந்த்-தீஸ், அதாவது அறுபது-பத்து. எண்பது கத்ர்-வேன், நான்கு-இருபது. தொண்ணூறு கத்ர்-வேன்-தீஸ், நான்கு-இருபது-பத்து. இது இங்கே எல்லோருக்கும் தெரியும், மேலும் விளக்கப் போவதில்லை. போன கிழமை அம்மாவை ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். கார்த் வித்தால், அதாவது மருத்துவக் காப்பீட்டு அட்டை, வேலை செய்யவில்லை. சோசியல் நம்பரை (சமூகப் பாதுகாப்பு எண்) வாயால் சொல்லச் சொன்னார்கள். அம்மாவுக்கு அது மனப்பாடம். தெ, சேன்க், உயித், ஸெரோ, செத் என்று ஒவ்வொரு இலக்கமாக, தெளிவாகச் சொல்லிக்கொண்டு போனார். அந்த எண்ணில் பிறந்த மாதத்துக்குப் பிறகு 99 வரும் அல்லவா, பிரான்சுக்கு வெளியே பிறந்த நம் எல்லோருக்கும் வருவது. அம்மா "நஃப், நஃப்" (ஒன்பது, ஒன்பது) என்றார். வரவேற்பில் இருந்த பெண் சரிபார்க்க "கத்ர்-வேன்-தீஸ்-நஃப்" என்றார். அம்மா தலையை ஆட்டி, இல்லை, "நஃப், நஃப்" என்றார். அந்தப் பெண் குரலை உயர்த்தித் திரும்பவும் "கத்ர்-வேன்-தீஸ்-நஃப்!" அம்மாவும் குரலை உயர்த்தினார்.

இரண்டு பேர் சொன்னதும் ஒரே எண். இரண்டு பேரும் மற்றவர் சொல்வது பிழை என்று நின்றார்கள். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. நான் குறுக்கிட்டு முடித்து வைத்தேன். பஸ்ஸில் வரும்போது அம்மா கேட்டார்: "நான் சரியாகத்தானே பிள்ளை சொன்னேன்? ஏன் அந்தப் பெண் கத்தினாள்?" அதுதான் மனதை விட்டுப் போகவில்லை.

லொசான்காரன்

அக்கா, சுவிட்சர்லாந்தில் எங்கள் வோ மாநிலத்தில் இது நடந்திருக்காது. 70 என்றால் செப்தோந்த், 80 உயித்தோந்த், 90 நொனோந்த். வலே, ஃப்ரிபூர் பக்கமும் அப்படித்தான். ஜெனீவா, நெஷாத்தெல், ஜூரா பக்கம் 80க்கு கத்ர்-வேன் என்பார்கள், பெல்ஜியத்திலும் அதே.

என் கதை இது. நான் படித்தது வளர்ந்தது எல்லாம் லொசானில். அங்கே யாரைச் சந்தித்தாலும் மூன்றாவது கேள்வி "உண்மையில் எந்த நாடு?" என்பதுதான். வேலைக்காகப் பிரான்சில் உள்ள லியோன் போனேன். சேர்ந்த புதிதில் ஒரு லாரி ஓட்டுநருக்குத் தொலைபேசியில் பொதி எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தேன். "நொனோந்த்-தெ" என்றதும் அந்தப் பக்கம் ஒரு நொடி சத்தமில்லை. பிறகு சந்தோஷமாக, "ஓ, நீங்கள் சுவிஸ்காரரா!" என்றார். என் முகத்தை அவர் பார்க்கவில்லை, பெயரும் தெரியாது. என்னை வேறு எந்தக் கேள்வியும் கேட்காமல் சுவிஸ்காரன் என்று ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. கையில் இருந்த பட்டியலின் அடுத்த எண்ணைச் சொல்லக் கொஞ்ச நேரம் ஆனது.

லியோனில் இருந்த காலம் முழுக்க நொனோந்த் என்றே சொன்னேன். எல்லோருக்கும் புரிந்தது. பிரான்சுக்காரர்களும் மாறிவிட்டால் நல்லது, அவர்கள் முறையில் ஒரு நியாயமும் இல்லை.

புதுவை வாசகர்

லொசான் தம்பி சொல்வதை ஏற்க முடியவில்லை. அந்தப் பெண் நொனோந்த்-நஃப் என்று சொல்லியிருந்தாலும் அந்த அம்மா நஃப், நஃப் என்றுதான் நின்றிருப்பார். சிக்கல் தொண்ணூறில் இல்லை. பிரான்சில் நீளமான எண்ணை இரண்டிரண்டு இலக்கமாகச் சொல்கிறார்கள், நாம் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பழகியவர்கள். தொலைபேசி எண்ணும் அப்படித்தானே, பத்து இலக்கம், ஐந்து ஜோடி.

நியாயம் இல்லை என்பதும் தவறு. இருபது இருபதாக எண்ணுவது பழைய பழக்கம். பாரிஸில் இன்றும் கேன்ஸ்-வேன் என்று ஒரு கண் மருத்துவமனை இருக்கிறது. பதினைந்து இருபது, அதாவது முந்நூறு. 13ஆம் நூற்றாண்டில் ஒன்பதாம் லூயி மன்னர் பார்வையற்ற முந்நூறு பேருக்காக அமைத்த இல்லம் அது. நம் தொண்ணூறு மட்டும் என்ன? எண்பது வரை ஒழுங்காக வந்துவிட்டு, அங்கே ஒன்பதை விட்டு நூறின் பக்கம் போய் நிற்கிறது. எந்தப் பிள்ளையாவது அதற்காகத் தமிழை விட்டதா?

என் தாத்தா சொல்தா. பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வூதியம் வாங்கியவர். வீட்டில் தமிழைத் தவிர ஒன்றும் பேச மாட்டார். பணத்தை எண்ணும்போது மட்டும் உதடு பிரெஞ்சில் அசையும். ரூபாய்த் தாள்கள், திண்ணை, எதிரே பால்காரர் காத்திருப்பார், தாத்தா சுவாசோந்த்-தீஸ், சுவாசோந்த்-எ-ஓன்ஸ் என்று போய்க்கொண்டே இருப்பார். நடுவில் யாராவது தமிழில் பேசினால் முதலிலிருந்து தொடங்குவார். அந்த முறை குழப்பம் என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை.

க்ரெத்தை 94

எண்ணுவதை எல்லோரும் பேசுகிறீர்கள், எழுதுவதை யாரும் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் நமக்கு 1 என்றால் ஒரே நேர்க்கோடு, 7க்கு நடுவில் கோடு கிடையாது. இங்கே 1க்கு மேலே நீளமாக ஒரு வால் போடுவார்கள், அதனால் 7க்குக் குறுக்குக்கோடு கட்டாயம். வந்த புதிதில் ஒரு அலுவலகத்தில் படிவத்தைக் கையால் நிரப்பிக் கொடுத்தேன். 1977 என்ற என் பிறந்த வருடத்தை 1971 என்று பதிந்துவிட்டார்கள். கடைசி 7ஐ அவசரத்தில் கொஞ்சம் ஒடுக்கி எழுதியிருந்தேன், அவர்களுடைய 1 போலவே தெரிந்திருக்கிறது. அடுத்த முறை போனபோது அங்கிருந்த அம்மையார் ஒன்றும் பேசாமல் என் பேனாவை வாங்கி, புதுப் படிவத்தில் இருந்த 7 எல்லாவற்றுக்கும் குறுக்கே கோடு போட்டார். பழைய கோப்பு மட்டும் மாறவில்லை.

அண்ணன் பிறந்தது 1974. காகிதத்தில் நான் அவருக்கு மூத்தவன். குடும்பத்தோடு எங்கே பத்திரம் கொடுத்தாலும் இதை விளக்க வேண்டியிருக்கிறது.

சர்செல் மாமா

எனக்கு ஒருமுறை பன்னிரண்டு மணி என்றதை இரண்டு மணி என்று ஒருவர் கேட்டுக்கொண்டு வந்தார். தெ-ஸெர் (இரண்டு மணி), தூஸ்-ஸெர் (பன்னிரண்டு மணி), கேட்க ஒன்று போலவே இருக்கும். அவ்வளவுதான் என் கதை. ஆனால் மேலே எழுதியவர்களுக்குச் சில விஷயங்கள் சொல்ல வேண்டும்.

நேரம் சொல்லும்போது பகல் இரண்டு மணியை கத்தோர்ஸ்-ஸெர் (பதினான்கு மணி) என்றும், நண்பகலை மிதி என்றும் சொல்லுங்கள், குழப்பமே வராது. தொலைபேசி எண் எழுதும்போது சுவாசோந்த் காதில் விழுந்ததும் 6ஐ எழுதிவிடாதீர்கள். 60 முதல் 79 வரை எல்லாம் அதில்தான் தொடங்குகிறது. அடுத்த சொல் வரும்வரை பேனாவைத் தூக்கிப் பிடியுங்கள். கத்ர் என்றாலும் அப்படியே, 4ஆக இருக்கலாம், எண்பதாகவும் தொண்ணூறாகவும் இருக்கலாம். முடியவில்லையா, "ஷிஃப்ர் பார் ஷிஃப்ர்" என்று கேளுங்கள், ஒவ்வொரு இலக்கமாகச் சொல்வார்கள். அக்காவின் அம்மாவும் முதலிலேயே அப்படிச் சொல்லியிருக்கலாம். ஆயிரத்து ஐந்நூறை 1,500 என்று எழுதாதீர்கள், இங்கே அந்தக் காற்புள்ளிக்கு ஒன்றரை என்று அர்த்தம். இடைவெளி விட்டு 1 500 என்று எழுத வேண்டும். செக்கில் எழுத்தால் எழுதுவதைக் கவனமாக எழுதுங்கள். இலக்கமும் எழுத்தும் வேறுபட்டால் சட்டப்படி எழுத்துதான் செல்லும். கத்ர்-வேனுக்குக் கடைசியில் எப்போதும் எஸ் போட வேண்டும். பிள்ளைகளுக்கு 60 முதல் 99 வரை தினமும் சத்தமாகச் சொல்லிக் கொடுங்கள்.

ஒபெர்வில்லியே அக்கா

மாமா, அம்மாவுக்கு எண் தெரியும். பதினைந்து இலக்கமும் காகிதம் பார்க்காமல் சொன்னவர் அவர். கேட்கத் தெரிந்திருக்க வேண்டியது அந்தப் பக்கம். புதுவை அண்ணன் சொன்ன ஜோடி விஷயத்தை அம்மாவிடம் சொன்னேன். "அப்போ அவளும் சரியாகத்தான் சொன்னாளா" என்றார்.

புதுவை வாசகர்

எஸ் எப்போதும் இல்லை. சரியாக 80 என்றால் மட்டும் எஸ். 82 என்றால் போய்விடும். நூறும் அப்படியே, 200க்கு எஸ் உண்டு, 250க்குக் கிடையாது. மில் (ஆயிரம்) எவ்வளவு வந்தாலும் மாறாது. சட்டம் பற்றி அவர் சொன்னது சரி.

லாச்சப்பல் கடைப்பிள்ளை

எங்கள் கடையில் தினமும் பார்ப்பது. இரண்டு தமிழர் தமிழில் கதைத்துக்கொண்டிருப்பார்கள், தொலைபேசி எண் வந்தவுடன் ஸெரோ சீஸ், கத்ர்-வேன்-தூஸ் என்று பிரெஞ்சுக்குத் தாவிவிடுவார்கள், எண் முடிந்ததும் திரும்பத் தமிழ். அப்பா மட்டும் இன்றும் "செவன், டபுள் செவன்" என்று ஆங்கிலத்தில்தான் சொல்வார். கேட்பவர் சின்னப் பிள்ளை என்றால் திகைத்துப் போய், கைபேசியை நீட்டி, நீங்களே தட்டுங்கள் அங்கிள் என்கிறார்கள். அவரும் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு தட்டிக் கொடுக்கிறார்.