வெளிர் மரக் கொமோட்: எம்பயரா, பத்தாம் சார்ல் பாணியா?

கேள்வி: ஏலப் பட்டியலில் ஒரு பிரெஞ்சு கொமோட், அதாவது டிராயர் அலமாரி. வெளிர் மரம், அதில் கருமையான மெல்லிய பதிப்புக் கோடுகள், மேலே சாம்பல் நிற மார்பிள். வெண்கல வேலை சாவித்துளையைச் சுற்றி மட்டும்தான். "எம்பயர், 1810" என்று, அதாவது நெப்போலியன் காலப் பாணி என்று, போட்டிருக்கிறார்கள். சரியா?

பதில் 1: வெளிர் மரத்தில் கரும் பதிப்பு என்றால் முதலில் நினைக்க வேண்டியது பிரெஞ்சு மன்னர் பத்தாம் சார்லின் காலம் (1824–30). எம்பயரில் பெரும்பாலும் இதற்கு நேர் எதிர்: அடர்சிவப்பு மஹோகனிப் பரப்பு, அதன்மேல் தங்க முலாம் பூசிய வெண்கல ஸ்பிங்ஸ் (மனிதத் தலை, சிங்க உடல் உருவம்), அன்னம், வெற்றி மாலை. நெப்போலியனின் கட்டடக் கலைஞர்கள் பெர்சியேவும் ஃபோந்தேனும் வகுத்த இலக்கணம் அது. ஆனால் மரத்தை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். 1806இல் நெப்போலியன் பிரிட்டனுக்கு எதிராக விதித்த வணிகத் தடையால் மஹோகனி வரத்து குறைந்து, வால்நட், எல்ம் போன்ற உள்நாட்டு மரங்களும் புழக்கத்துக்கு வந்தன. கரும் பதிப்புதான் இங்கே வலுவான சாட்சி.

பதில் 2: டிராயரை உருவி, முகப்பின் மேல் விளிம்பில் வெனீர் (மேலே ஒட்டிய மெல்லிய மரத் தகடு) எவ்வளவு கனம் என்று பாருங்கள். ரம்பத்தில் அறுத்த பழைய வெனீர் பொதுவாக 1 மி.மீ.க்கு மேல், கனமும் இடத்துக்கு இடம் மாறும். ஒரே சீராக 0.6 மி.மீ. என்றால் பிற்காலப் பிரதி, அல்லது பின்னால் ஒட்டியது. டிராயர் முகப்பின் உட்புறத்தில் அடைத்த துளைகள் இருந்தால் கைப்பிடி மாற்றியிருக்கிறார்கள்.

பதில் 3: வாங்கினால் அந்த வெண்கலத்தில் பித்தளை பாலிஷ் மட்டும் போடவே வேண்டாம். பாதரசம் கலந்து பூசிய தங்கப் படலம் மிக மெல்லியது, தேய்த்தால் போய்விடும், திரும்ப வராது. ஈரம் லேசாகத் தொட்ட பஞ்சே போதும்.