வீட்டில் கட்டிய விமானம்: இயந்திரம் நின்றால் எங்கே தேடுவது?

கேள்வி – தண்டையார்பேட்டை வாசகர்:
வரைபடம் வாங்கித் தாமே கட்டிய சிறு விமானங்கள் விழுந்தது பற்றிய விசாரணை அறிக்கைகளைப் படித்துவருகிறேன். இயந்திரச் சத்தம் திடீரென நின்றதாகச் சாட்சிகள் சொல்கிறார்கள். பிரித்துப் பார்த்தால் பிஸ்டனும் கிராங்க்கும் பழுதின்றி இருக்கின்றன. பிறகு எதைச் சந்தேகிப்பது?

பதில் – பெரம்பூர் பொறியாளர்:
எரிபொருள் வரும் வழியைத்தான். 1997 அக்டோபர் 12 அன்று பாடகர் ஜான் டென்வர் கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் விழுந்து இறந்த லாங்-ஈஸி என்ற சிறு விமானம், வேறொருவர் கட்டி, டென்வர் விலைக்கு வாங்கியது. அதை வடிவமைத்த பர்ட் ருட்டானின் வரைபடத்தில், எந்த டேங்கிலிருந்து பெட்ரோல் வர வேண்டும் என்று மாற்றும் வால்வு விமானியின் கால்களுக்கிடையே இருந்தது; அதை, பெட்ரோல் குழாய் விமானி அறைக்குள் வரக் கூடாது என்று கருதிய கட்டுநர் இடது தோளுக்குப் பின்னால் வைத்துவிட்டார். கைப்பிடியை எட்டுவதற்காகப் பிளையரை மாட்டிக்கூடப் பார்த்தார்கள், பயன்படவில்லை. உடலைத் திருப்பி அதைப் பிடிக்க முயலும்போது வலது கால் ரட்டர் பெடலை (விமானத்தின் மூக்கை இடம் வலம் திருப்பும் மிதியை) தன்னையறியாமல் அழுத்தியிருக்கும் என்பதே விசாரணையின் முடிவு. பாதுகாப்புக்காகச் செய்த மாற்றம்தான் இது என்பதால், வரைபடத்திலிருந்து கட்டுநர் எங்கெல்லாம் விலகினார் என்பதையே நான் முதலில் கேட்பேன்.

பதில் – காசிமேடு படகு மெக்கானிக்:
ஐயா சொல்வது சரியே. டீசல் லைனில் காற்றுப் பிடித்து நடுக்கடலில் நின்ற படகை இழுத்து வந்து பார்த்தாலும் இயந்திரத்தில் குறை ஒன்றும் தெரியாது. விமானத்தில் கார் பெட்ரோலை ஊற்றி, குழாயைச் சைலன்சருக்கு அருகில் கொண்டுபோனால், சூட்டில் பெட்ரோல் ஆவியாகிக் குமிழி அடைத்துக்கொள்ளும். எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஒவ்வாத ரப்பர் ஹோஸ் உட்புறம் உரிந்து, அந்தத் துணுக்கு ஃபில்டரில் போய் நிற்பதும் உண்டு. ஹோஸை நீளவாக்கில் கீறிப் பார்த்தால்தான் தெரியும்.

பதில் – பெரம்பூர் பொறியாளர்:
இன்னொன்று, தடயமே விடாதது: காற்றும் பெட்ரோலும் கலக்கும் கார்ப்ரேட்டருக்குள் உறையும் பனி. வெளியே 20 பாகை வெப்பம் இருந்தாலும், கடலோர ஈரக்காற்றில், திராட்டிலை (இயந்திர வேகத்தை) குறைத்து இறங்கும்போது, பெட்ரோல் ஆவியாகும் குளிர்ச்சியில் அதன் குறுகிய தொண்டைப்பகுதியில் பனி படியும். விசாரணைக்காரர் வந்து சேர்வதற்குள் அது உருகிவிடும். அன்றைய வெப்பநிலை, பனிப்புள்ளி (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) இரண்டையும் கொண்டு ஊகிக்கத்தான் முடியும். ஆனால் இயந்திரம் கடைசிவரை ஓடியிருந்தால் இவை எதுவும் பொருந்தாது. அப்போது இறக்கை, வால் பக்கங்களின் கட்டுப்பாட்டுக் கம்பிகளைத் தொடர்ந்து சென்று, போல்ட்டுகளில் நட்டு கழலாமல் தடுக்கும் காட்டர் பின், இருக்க வேண்டிய இடங்களில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.