3215031751: இந்த எண்ணைப் பற்றி ஓர் உதவி வேண்டும்

எண் கோட்பாடு தெரிந்த நண்பர்களே, 3215031751 என்ற எண்ணில் ஓர் இடத்தில் நிற்கிறேன்.

இது பகு எண்தான்: 151 × 751 × 28351. ஆனாலும் ஓர் எண் பகா எண்ணா என்று பார்க்கும் மில்லர்-ராபின் சோதனையில் 2, 3, 5, 7 ஆகிய நான்கு அடிமானங்களும் (சோதிக்க எடுத்துக்கொள்ளும் எண்கள்) இதைப் பகா எண் என்றே சொல்கின்றன. 2500 கோடிக்குள் இப்படி நான்கையும் ஏமாற்றும் ஒரே எண் இதுதான் என்று கணிதவியலாளர்கள் பொமரான்ஸ், செல்ஃப்ரிட்ஜ், வாக்ஸ்டாஃப் மூவரும் 1980இல் காட்டினார்கள். அடிமானம் 11 வைத்தால் உடனே பிடிபட்டுவிடும்.

மற்ற வகைப்பாடுகள் எளிதாக வந்துவிட்டன. காரணிகளில் ஒவ்வொன்று குறைத்தால் வரும் 150, 750, 28350 மூன்றும், எண்ணில் ஒன்று குறைத்தால் வரும் 3215031750ஐ மீதியின்றி வகுப்பதால் இது கார்மைக்கேல் எண் (தன்னோடு பொதுக்காரணி இல்லாத எல்லா அடிமானங்களிலும் ஃபெர்மா சோதனை என்ற எளிய பகா எண் சோதனையை ஏமாற்றும் பகு எண்). மொத்தம் 8 வகுஎண்கள். 4ஆல் வகுத்தால் மீதி 3, எனவே இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியாது.

சரி, சிக்கலுக்கு வருகிறேன். மூன்று காரணிகளுமே 4ஆல் வகுத்தால் மீதி 3 தருபவை. எண் கார்மைக்கேல் எண்ணாகவும் இருப்பதால், ஓர் அடிமானம் மூன்றுக்கும் வர்க்க எச்சமாக (அந்தக் காரணியால் வகுத்தால் ஏதோ ஒரு வர்க்க எண் தரும் அதே மீதியைத் தருவதாக) இருந்தாலோ, மூன்றுக்குமே இல்லாமல் இருந்தாலோ சோதனையை ஏமாற்றிவிடும். எண்ணோடு பொதுக்காரணி இல்லாத அடிமானங்களில் சரியாக நான்கில் ஒரு பங்கு இப்படி அமைகிறது. ஒரு பகு எண்ணுக்குச் சோதனையை ஏமாற்றும் அடிமானங்களின் பங்குக்கு ராபின் நிறுவிய உச்சவரம்பும் அதுவேதான்! இதைக் கணக்கிட்டுப் பார்த்தபோது அவ்வளவு மகிழ்ச்சி.

காரணிகள் க+1, 5க+1, 189க+1 என்ற வடிவில் இருக்கின்றன, க = 150. இந்த 5, 189 போன்ற பெருக்கிகளை முன்கூட்டியே தேர்ந்தெடுக்க முறை ஏதாவது உண்டா? அல்லது எல்லாவற்றையும் கணினியில் ஓட்டித்தான் பார்க்க வேண்டுமா? அப்புறம், கீழே இதைவிடச் சிறியது இல்லை என்பதை முழுத் தேடல் இல்லாமல் நிறுவ வழி இருந்தால் அதையும் சொல்லுங்கள். ஒரு சிறு குறிப்பு போதும், மீதியை நானே போட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.