காரைக்குடிக் கொட்டகையில் ஒரு கஸெல்

சென்ற ஆண்டு காரைக்குடியில் ஒரு பழைய ஹெரால்டு கார் விலைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். பின்கட்டை ஒட்டிய கொட்டகையில், நான்கு டயரிலும் காற்றில்லாமல், தார்ப்பாய்க்கு அடியில் நின்றிருந்த அந்த நான்கு கதவு வண்டியை வீட்டுப் பெரியவரும் ஹெரால்டு என்றுதான் சொன்னார். என்னுடன் வந்த மெக்கானிக் அண்ணன் மறுமொழி எதுவும் சொல்லாமல் பின்பக்கம் ஜாக்கி வைத்துத் தூக்கினார். ஹெரால்டாக இருந்தால் தூக்கியதும் பின்சக்கரங்கள் இரண்டும் அடிப்பக்கம் உள்ளே மடங்கித் தொங்கும். இவை நேராகவே நின்றன. “ஐயா, இது கஸெல்” என்றார் அண்ணன்.

சென்னையின் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் ஹெரால்டைத் தயாரித்து வந்தது. இங்கிலாந்தில் இரண்டு கதவுகளோடு மட்டுமே விற்ற அந்தக் காருக்கு நான்கு கதவு அமைந்தது நம் நாட்டில்தான். ஆனால், பின்சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்கும் அதன் அச்சு நம் சாலைகளுக்குச் சரிப்படவில்லை என்று ஓட்டியவர்களும் மெக்கானிக்குகளும் குறைப்பட்டதால், அதே 948 சிசி இன்ஜினை வைத்துக்கொண்டு, பின்பக்கம் ஒரே தண்டாக அமைந்த அச்சைப் பொருத்தி 1972இல் கஸெலைக் கொண்டுவந்தார்கள். 1977 வரை சிறிய எண்ணிக்கையில்தான் அது வெளிவந்தது. அதன்பின் 1985இல் ஸ்டாண்டர்ட் 2000 வரும்வரை அந்த நிறுவனத்திலிருந்து காரே வரவில்லை. 1988இல் தொழிற்சாலையும் நின்றது. எனவே நல்ல நிலையில் ஒரு கஸெலைக் காண்பது அரிது. இருப்பவற்றிலும் சில ஹெரால்டு என்ற பெயரிலேயே கொட்டகைகளில் கிடக்கும் என்பது என் எண்ணம்.

பெரியவர் ஆர்.சி. புத்தகத்தை எடுத்து வந்தார். 1975இல் சென்னையில் ஒரு மருத்துவர் பெயரில் முதல் பதிவு. 1981இல் திருச்சிக்கு மாற்றம், அதற்கு அடுத்த பக்கத்தில் வங்கிக் கடன் முத்திரையும் அது தீர்ந்ததற்கான முத்திரையும். 1988இல் பெரியவருடைய தந்தையின் பெயர். பதினைந்து ஆண்டு முடிந்த பிறகு 1990இலும் 1995இலும் புதுப்பித்திருக்கிறார்கள், 2000க்குப் பிறகு ஒன்றுமில்லை. வண்டியின் அடிச்சட்டமான சேசிஸின் எண் புத்தகத்தோடு ஒத்துப்போனது, இன்ஜின் எண் ஒத்துப்போகவில்லை.

இது சிறிய விஷயமன்று. 2021இல் வந்த மத்திய அரசின் விதிப்படி, ஐம்பது ஆண்டு கடந்த வண்டியை விண்டேஜ் என்று பதிய வேண்டுமானால் சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்படாமல் அது தன் பழைய வடிவிலேயே இருக்க வேண்டும். நான் தயங்கி நின்றதைப் பார்த்த பெரியவர் உள்ளே போய், தந்தையார் கைப்பட எழுதிவைத்த கோடு போட்ட நோட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். வாங்கிய அன்று பிள்ளையார்பட்டிக்குப் போய்ப் பூஜை போட்டதில் தொடங்கி, ஊற்றிய ஒவ்வொரு லிட்டர் பெட்ரோலும் அதில் இருந்தது. 1993ஆம் ஆண்டுப் பக்கமொன்றில், இன்ஜினின் உடற்பகுதியான பிளாக் விரிசல் விட்டதால் ஹெரால்டு இன்ஜின் மாற்றியதாகவும், அதன் எண் இன்னதென்றும், பழைய பிளாக்கைப் பட்டறையில் விடாமல் வீட்டுக்கே எடுத்துவந்ததாகவும் எழுதியிருந்தார். கொட்டகை மூலையில் விறகுக்குப் பின்னால் அது இன்னும் கிடந்தது. துருவைச் சுரண்டிப் பார்த்தபோது புத்தகத்தில் இருந்த அதே எண் தெரிந்தது. அப்போது பெரியவர் கண் கலங்கியதை என்னால் மறக்க முடியாது.

வண்டியை நோட்டோடு சேர்த்தே வாங்கினேன். பிளாக் இப்போது புதுக்கோட்டையில் ஒரு லேத் பட்டறையில் இருக்கிறது; விரிசலைத் தைக்க முடியும் என்று சொல்லியிருக்கிறார்கள். மருத்துவரிடம் வண்டி இருந்த முதல் ஆறு ஆண்டுகளைப் பற்றி மட்டும் என்னிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. அந்நாளில் சென்னையில் ஒரு மருத்துவர் வீட்டு வாசலில் வெளிர்நீலக் கஸெல் நின்றதை நினைவில் வைத்திருப்பவர்கள் யாரேனும் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.