மறுமொழி: நடிகர் அண்ணையின்ர நிலைமை, காசு சேர்க்கிறது பற்றி

அனுப்பினது: புளியடி அக்கா, லண்டன்

எல்லாருக்கும் வணக்கம். பெறாமகளின்ர கலியாணத்துக்கு ரொறன்ரோ போயிட்டுப் போன கிழமைதான் திரும்பினனான். நடிகர் அண்ணையைப் பாக்காமல் வரக்கூடாது எண்டு அம்மா சொல்லிவிட்டவ, அதால ஸ்காபரோவுக்குப் போய்ப் பாத்தன். சொல்ல மனமே வரேல்லை. நிலக்கீழ் அறையில தனிய இருக்கிறார். வீட்டுக்குள்ளயும் குளிர் ஜக்கெற்றோடதான். முன்பல்லு ரெண்டு இல்லை, கதைக்கேக்க கையால வாயைப் பொத்திக்கொண்டுதான் கதைக்கிறார். பல்லுப் போனதில இருந்து ஓடிஷன் ஒண்டுக்கும் போறேல்லையாம். கதிரைக்குப் பக்கத்தில ஒரு பை நிறையக் கடிதம், ஒண்டும் உடைக்கேல்லை, கேட்டால் 'எல்லாம் பில்தான் தங்கச்சி' எண்டுறார். தேத்தண்ணி தந்துபோட்டுப் பால்மா இல்லை எண்டு திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டவர்.

எங்கட ஊரில இருந்து முதல் முதல் வெள்ளைக்காரன்ர ரீவியில முகம் காட்டின மனுசன். குளிர் தொடங்க முந்தி ஏதாவது செய்வம். நான் 200 பவுண் போடுறன், மற்ற ஆக்களும் ஏலுமானதைச் சொல்லுங்கோ.

அனுப்பினது: கேணியடி மாமா, மொன்றியல்

பிள்ளை, உன்ர மனசு நல்ல மனசு. ஆனா எங்கட ஊர்ச் சங்கப் பொருளாளர் எண்ட முறையில நான் கேக்கவேண்டியதைக் கேக்கத்தான் வேணும். வாசிகசாலைக் கூரைக்குச் சேர்த்த காசுக்கே இன்னும் பற்றுச்சீட்டு வந்து சேரேல்லை, அது ஆற்ற கையில நிக்குது எண்டு அவருக்கே தெரியும். அதுக்குள்ள இன்னொரு சேர்ப்போ? மற்றது, அந்தாள் நடிச்ச நாடகம் இப்பவும் இரவில ரீவியில போகுது, என்ர பேரன் காட்டினவன். அப்ப போடுற ஒவ்வொரு தரமும் அவருக்குக் காசு வரத்தானே வேணும்? வருமானம் என்ன, பென்சன் என்ன, வாடகை என்ன எண்டு ஒரு தாளில எழுதி அனுப்பட்டும். அதைப் பாத்துப்போட்டு முடிவெடுப்பம்.

அனுப்பினது: வைரவர் கோயிலடி, சிட்னி

தாளில எழுதி அனுப்பட்டுமோ? என்ன கதை இது! அந்தாள் காத்தவராயன் கூத்தில ஆரியமாலாவா வந்து நிண்டால் என்ர ஆச்சி முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கொண்டு நிப்பா. நடிகமணி வைரமுத்துவின்ர மயான காண்டம் எங்க போட்டாலும் சைக்கிளில டபிள்ஸ் ஏறிப் போய் விடிய விடியப் பாத்துப்போட்டு வருவம், வாற வழியெல்லாம் அரிச்சந்திரன்ர பாட்டை அவர்தான் பாடிக்கொண்டு வருவார். அப்பிடி ஒரு கலைஞனுக்கு ஆளுக்கு நூறு போட்டுப் பிச்சை மாதிரிக் குடுக்கிறதை நான் ஒத்துக்கொள்ளமாட்டன். ஒன்றுகூடலில மேடையேத்தி, பொன்னாடை போத்தி, பணமுடிப்பாக் குடுப்பம். ஊருக்கும் பேர்.

ஒண்டு மட்டும் சொல்லோணும். கனடா போய் அவர் நடிச்சதெல்லாம் ரக்சிக்காரன், கடைக்காரன், குண்டு வைக்கிறவன். பள்ளிக்கூடத்தில எங்கட பிள்ளையளுக்கு அதால வெக்கம். என்ர தம்பிக்கு ஒரு ஸ்பொன்சர் கடிதம் கேட்டதுக்கு அவர் சொன்ன பதிலையும் நான் மறக்கேல்லை, ஆனா அது வேற விசயம்.

அனுப்பினது: சங்கக்கடையடி மூத்தவரின்ர மகள், ரொறன்ரோ

மாமா, சித்தப்பா, அக்கா எல்லாருக்கும். நான் இஞ்ச படப்பிடிப்புக் கொம்பனியளுக்குச் சம்பளக் கணக்குப் பாக்கிறனான், அதால பேசாமல் இருக்கேலாது.

கேணியடி மாமா, படம் ஓடினால் காசு வரும் எண்டுதான் எல்லாரும் நினைக்கினம். இஞ்சத்த நடிகர் சங்கம் ஆக்ட்ரா, 1943 இல தொடங்கினது. அதின்ர ஒப்பந்தத்தில, பேந்து பேந்து காட்டுறதுக்கான காசையும் நடிச்ச நாள் சம்பளத்தோட ஒரு வீதமாச் சேத்து முதலே குடுத்து முடிக்கிற முறை இருக்கு. அப்பிடி முடிச்சால் அந்தக் காலத்துக்குள்ள நூறு தரம் போட்டாலும் மேலதிகமா ஒரு சதமும் வராது. அண்ணை செய்தது முழுக்க ஒரு நாள், ரெண்டு நாள் வேலை, ரெண்டு வசனம். அதுக்கும் முதல் எத்தினை ஓடிஷனுக்குப் போய்த் திரும்பி வந்திருப்பார். 83 கலவரத்துக்குப் பிறகு வந்த மனுசன், வாடகை கட்டினது இரவில கார்த் தரிப்பிடத்தில காவல் நிண்ட சம்பளத்தில. அந்த வேலையை விடேலாமல் எத்தினையோ ஓடிஷனை விட்டவர்.

2023 இல அமெரிக்க நடிகர் சங்கம் யூலை 14 இல இருந்து நவம்பர் 9 மட்டும் 118 நாள் வேலைநிறுத்தம் செய்தது. கனடா நடிகர்மார் செய்யேல்லைத்தான், ஆனா ரொறன்ரோவில எடுக்கிற பெரிய நாடகங்கள் கனக்க அமெரிக்கக் காசில ஓடுறது, அதால இஞ்சயும் வேலை நிண்டுபோச்சு. திரும்பத் தொடங்கினதுக்குப் பிறகு அண்ணைக்கு ஒரு அழைப்பும் வரேல்லையாம்.

சித்தப்பா, ரக்சிக்காரனா நடிச்சதுக்கு வெக்கம் எண்டு எழுதினது எனக்கு நொந்துபோச்சு. எங்கட நிறத்தில ஆக்களுக்கு அப்ப வேற என்ன எழுதினவங்கள்? சிம்ப்சன்ஸ் கார்ட்டூனில வந்த இந்தியக் கடைக்காரனுக்குக்கூட ஹாங்க் அசாரியா எண்ட வெள்ளைக்காரர்தான் 1990 இல இருந்து குரல் குடுத்தவர். 2020 இலதான் இனிச் செய்யமாட்டன் எண்டவர். அண்ணை தன்ர யாழ்ப்பாணத்து இங்கிலீசில வசனம் சொன்னால், அந்தக் கார்ட்டூன் மாதிரிச் சொல்லு எண்டுதான் கேப்பினமாம்.

ஒருக்கா நான் வேலை செய்த செற்றில அவரைக் கண்டன். டவுன்ரவுன் தெருவொண்டை நியூயோர்க் ஆக்கி, மஞ்சள் ரக்சியும் நியூயோர்க் நம்பர் பிளேற்றும் கொண்டந்து விட்டிருந்தவை. அவருக்கு இருந்தது ரக்சிக் காசு எவ்வளவு எண்டு சொல்லுற ஒரே வசனம். சொல்லிப்போட்டு மீதிக் காசு குடுக்கேக்க விரலை நாக்கில தொட்டு, நோட்டை ஒவ்வொண்டாப் பிரிச்சு, கடைசி நோட்டை ரெண்டாம் தரமும் தடவிப் பாத்துத்தான் நீட்டினார், அப்பிடியே எங்கட சங்கக்கடை மனேச்சர்! எழுதின தாளில அது இல்லை. இயக்குனர் அதையே வச்சிருக்கச் சொல்லிச் சிரிச்சவர். அந்த ரக்சிக்காரன் காசின்ர அருமை தெரிஞ்ச மனுசன் எண்டு பாக்கிறவைக்கு விளங்கிச்சுது. நடிப்பு எண்டால் அதுதானே.

மிசிசாகாவில பிறந்த மைத்ரேயி ராமகிருஷ்ணனை 15,000 பேருக்குள்ள இருந்து எடுத்து, 'நெவர் ஹாவ் ஐ எவர்' எண்ட அமெரிக்க நாடகத்தில நாலு சீசனுக்கு முதன்மைப் பாத்திரம் குடுத்தவை. அந்தப் பிள்ளையின்ர தாய் தேப்பனும் இலங்கையில இருந்து அகதியா வந்த ஆக்கள்தான். அதை இந்தக் குழுவில போட்டு எவ்வளவு பெருமைப்பட்டியள். அதுக்கு முந்தி ரெண்டு வசனத்துக்காகக் கால்கடுக்க நிண்டவையையும் எங்கட பெருமைக்குள்ள சேருங்கோ.

இப்ப செய்யவேண்டியதைச் சொல்லுறன். முதல் அந்தக் கடிதப் பையை உடைக்கோணும், அதுக்குள்ள செக் கிடந்தாலும் நான் அதிசயப்படமாட்டன். ஆக்ட்ராவில கலைஞர்மாருக்கு வரவேண்டிய காசைச் சேகரிச்சுப் பங்கிடுற பிரிவு ஒண்டு இருக்கு. விலாசம் மாறினதைச் சொல்லாட்டி அவை எங்க தேடுறது? இவர் எத்தினை வீடு மாறிட்டார், அதோட பேர், ஒரு நாடகத்தில தேப்பன்ர பேர் முன்னுக்கு, மற்றதில பின்னுக்கு, இன்னொண்டில பாதியில வெட்டிப் போட்டிருக்கினம். மூண்டு பேரிலயும் தேடச் சொல்லிக் கேக்கோணும். சங்க உறுப்பினரா வேலை செய்த நாளுக்குத் தயாரிப்பாளர் ஓய்வுக்குக் கட்டின காசு ஏஎஃப்பிஎஸ் எண்ட, நடிகர்மாருக்கான காப்புறுதி நிறுவனத்தில இருக்கும், அதில மிச்சம் என்ன எண்டும் பாக்கோணும். ஏஎஃப்சி எண்டு 1958 இல தொடங்கின நிதியம் இருக்கு, முந்திப் பேர் கனடா நடிகர் நிதியம், இந்தத் துறையில வேலை செய்து கஷ்டப்படுற ஆக்களுக்கு வாடகை, மருந்துச் செலவுக்கு உதவி செய்யினம். அது பிச்சை இல்லை, சித்தப்பா, தொழில் செய்தவைக்கெண்டே வச்ச காசு. பல்லுக்குக் கனடா அரசாங்கத்தின்ர பல் பராமரிப்புத் திட்டம் இருக்கு, வேற பல் காப்புறுதி இல்லாமல், குடும்ப வருமானம் 90,000 டொலருக்குக் கீழ இருந்தால் விண்ணப்பிக்கலாம், வருமான வரி மட்டும் ஒழுங்காப் பதிஞ்சிருக்கோணும். அவர் பதிஞ்சிருப்பாரோ எண்டுதான் எனக்குப் பயம்.

இதெல்லாம் கைக்கு வர மாதக்கணக்காகும். அதுவரைக்கும் வாடகைக்கும் ஹீற்றருக்கும் எங்கட காசு வேணும், அதை மேடையில வச்சுக் குடுக்காதையுங்கோ. பல்லில்லாமல் ஒரு நடிகனைச் சனத்துக்கு முன்னால ஏத்திப் படம் எடுத்துப் போடுறது மரியாதையோ எண்டு யோசியுங்கோ.

அனுப்பினது: கேணியடி மாமா, மொன்றியல்

மகள், நீ எழுதினதை ரெண்டு தரம் வாசிச்சன். முற்பணம் விசயம் எனக்குத் தெரியாது. சரி, ஆறு மாத வாடகை எங்கட ஊர்ச் சங்கத்தில இருந்து போகட்டும், வீட்டுக்காரரின்ர பேரில செக், பற்றுச்சீட்டுப் படமெடுத்து எனக்கு அனுப்போணும். புளியடிப் பிள்ளையின்ர 200 பவுணை வாசிகசாலைக் கணக்கோட கலக்கமாட்டன், வேறயா எழுதுறன். சிட்னிக்காரர் பொன்னாடைக் காசை ஹீற்றருக்குப் போட விருப்பமோ எண்டு தனிய எழுதிக் கேக்கிறன். வரி பதியாமல் இருந்தால் பழைய வருசங்களை நானே செய்து குடுக்கிறன், காசு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மகளோட அங்க போறதுக்கு மார்க்கம் நகரத்தில இருந்து ஆர் வாறியள் எண்டு இண்டைக்கே எழுதுங்கோ.