பத்தாயத்து நெல்லில் அந்துப்பூச்சி, என்ன செய்யலாம்?

பூதப்பாண்டி வயல்: கும்பப்பூ பருவத்தில் அறுத்த அம்பை 16 ரக நெல், அதைச் சேர்த்து வைத்த பத்தாயப் பெட்டியின் மூடியைத் திறந்தாலே வைக்கோல் நிறத்தில் குட்டிப் பூச்சி பறக்கிறது, மணியில் ஊசித்துளை. சாப்பாட்டு நெல், பூச்சி கொல்லும் மாத்திரை வேண்டாம். வேப்பிலை போதுமா?

தோவாளைக்காரன்: வேப்பிலையும் நொச்சியும் நிழலில் உலர்த்தி நெல்லுக்கு இடையில் அடுக்கடுக்காகப் போடுங்க அண்ணே. பச்சையாகப் போட்டால் ஈரமேறிப் பூசணம்தான்.

குமரி விதை: இலை விரட்டும், அவ்வளவுதான், மணிக்குள் இருக்கும் புழுவுக்கு நல்ல வெயில்தான் மருந்து, கடித்தால் டக்கென்று உடையும்வரை காய வையுங்க. விதைநெல் என்றால் 100 கிலோவுக்கு 1 கிலோ வசம்புப் பொடி கலக்கலாம், சாப்பாட்டு நெல்லில் வேண்டாம்.

பூதப்பாண்டி வயல்: சரி, நம்ம ஊரில் மழை விட்டால்தானே வெயில்!

தோவாளைக்காரன்: அப்புறம், பத்தாயத்து இடுக்கில் கிடக்கும் பழைய நெல்லைச் சுரண்டி எடுத்துட்டு, காய்ந்த நெல்லைக் கொட்டுங்க.